பாயைச் சுருட்டிய பிறகு

ஜூன் 21 வந்தால் யாழ்ப்பாணத்திலும் பாய் விரிகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2014 டிசம்பரில் அந்த நாளைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 177 நாடுகள் இணை அனுசரணை வழங்கிய தீர்மானம் அது. இங்கே இந்தியத் துணைத் தூதரகம் முன்னின்று நடத்தும் நிகழ்வுகளில் பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நிற்பார்கள். முன்வரிசையில் அதிகாரிகள் முதுகை வளைக்கப் படாத பாடு படுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. காலையில் அரை மணி நேரம் மூச்சைக் கவனிக்கிற பழக்கம் பத்துப் பேருக்கு ஒட்டிக்கொண்டாலும் அது ஊருக்கு இலாபம்தான்.

பாயைச் சுருட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. 2009இல் போர் முடிந்த பிறகு குடாநாட்டில் யோக வகுப்புகள் பெருகிவிட்டன. இந்தியாவில் தலைமையகம் உள்ள அமைப்புகளின் கிளைகள் இருக்கின்றன. வெளிநாட்டில் பயிற்சி பெற்று ஊர் திரும்பியவர்கள் கோயில் மண்டபத்தில் பின்னேரம் நடத்தும் வகுப்புகளும் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாத் துண்டுப்பிரசுரங்களிலும் யோகமும் சேவையும் கைகோத்தே அச்சாகின்றன. அப்படிச் சேர்த்து எழுதுவது மற்ற ஊர்களில் சுலபமாக இருக்கலாம். இந்த ஊரில் அதற்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வருகிறவர்களை மட்டுமல்ல, பழைய மடங்களையும் அதே கோலால் அளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவம் நான்கு படி சொல்கிறது. திருமூலர் தம் நூலின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கென்றே ஒதுக்கினார். யாழ்ப்பாணத்துச் சைவம் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றது. கோயிலுக்குப் போவது, விரதம் இருப்பது, புராணப் படிப்புக் கேட்பது, திருவிழா உபயம் செய்வது என்று ஓர் ஒழுங்கான வாழ்க்கை. யோகம் ‘பெரிய ஆக்களுக்கு’ உரியது என்று ஒதுக்கிவைத்தார்கள். தொண்டை மட்டும் யாரும் ஒதுக்கவில்லை. 1876-77 பஞ்சத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அச்சுக்கூடத்தையும் பள்ளிக்கூடத்தையும் நடத்திய அதே மனிதர்தான் வீடு வீடாகப் பணம் திரட்டி அந்தத் தருமத்தையும் நடத்தினார். சாதி ஒழுங்கை அவர் விட்டுக்கொடுக்காதவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு அதற்கு வருகிறேன்.

யோகத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் யோகர் சுவாமி. 1872இல் மாவிட்டபுரத்தில் சதாசிவனாகப் பிறந்து, கொழும்புத்துறையில் வளர்ந்து, கத்தோலிக்கரின் சம்பத்திரிசியார் கல்லூரியில் படித்து, இரணைமடுக் குளத் திட்டத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். 1897 ஜனவரியில் மேற்கு நாடுகளிலிருந்து திரும்பும் வழியில் விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் பேசியபோது கூட்டத்தில் அவரும் இருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவருக்குக் குருவாக வாய்த்தவர் மேடைப் பேச்சாளர் அல்லர். நல்லூர்த் தேரடியில் கந்தல் துணியோடு கிடந்து, போகிறவர் வருகிறவரை ஏசிக்கொண்டிருந்த செல்லப்பா சுவாமி. ஊர் அவரை விசரன் என்றது. அவரிடம் ஏச்சும் அடியும் வாங்கித்தான் சதாசிவன் யோகரானார். வேலையை விட்டபின் கொழும்புத்துறைச் சந்தியில் ஓர் இலுப்பை மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் இருந்தார். பிறகு அயலவர்கள் ஒரு குடிலைக் கொடுத்தார்கள். 1964 மார்ச்சில் மறையும் வரை அதுதான் அவருடைய ‘தலைமையகம்’.

அந்தக் குடிலில் நடந்ததைப் பற்றிக் கேள்விப்பட்ட கதைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. விடிய முன்னரே ஆட்கள் வந்து படலையடியில் காத்திருப்பார்கள். நீதவான் வருவார், சுருட்டுத் தொழிலாளி வருவார், சோதனை எழுதப் போகிற பொடியன் வருவான். சிலரை உள்ளே விடாமலே துரத்திவிடுவார். கொண்டுவந்த வாழைப்பழமும் கற்கண்டும் வந்தவர்களுக்கே பங்காகிப் போய்விடும். பின்னேரங்களில் குடையோடு நடக்கத் தொடங்கினால் எந்த வீட்டுப் படலை திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நோயாளி கிடக்கிற வீடாக இருக்கும், சீதனக் கவலையில் தாய் அழுகிற வீடாக இருக்கும். ஆசனம் சொல்லிக்கொடுத்தார், மூச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தார் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. சும்மா இருக்கச் சொன்னார், தன்னை அறியச் சொன்னார், செய்கிற வேலையைச் சிவதொண்டாகச் செய்யச் சொன்னார். விவசாயிக்கும் எழுதுவினைஞருக்கும் ஒரே உபதேசம்தான். 1961இல் பசுவுக்குத் தீனி வைக்கப் போன இடத்தில் விழுந்து இடுப்பு முறிந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுவனம் கட்ட அவருக்கு அவசரம் இருக்கவில்லை. 1935இல் ‘சிவதொண்டன்’ மாத இதழ் தொடங்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே வண்ணார்பண்ணையில் கே.கே.எஸ். வீதியோரம் சிவதொண்டன் நிலையம் எழுந்தது. அதற்குள் போனவர்களுக்குத் தெரியும். வெளியே பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் இரைகிற பிரதான வீதி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் கதை நின்றுவிடும். பெரிய விக்கிரகம் இல்லை, உண்டியல் சத்தம் இல்லை, யாரும் வரவேற்று உபசரிக்கவும் மாட்டார்கள். திருவடி வழிபாடு, தியானம், புராண படனம், யோகர் சுவாமியின் நற்சிந்தனைப் பாட்டு. அவ்வளவுதான். விளம்பரப் பலகைகளால் நிரம்பிய நகரத்தில் அந்த அடக்கம் ஓர் அதிசயம். அதன் கிளை மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் வயலோடும் தோட்டத்தோடும் வளர்ந்தது. அங்கே யோகத்தின் பெரும்பகுதி மண்வெட்டியோடுதான் நடந்தது.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தமிழர் பிரதிநிதித்துவத்தில் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு வெறுங்கையோடு திரும்பிய அரசியல் திட்டத்துக்குப் பெயர் கொடுத்த சோல்பரிப் பிரபுவின் மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பொத்தம் யோகர் சுவாமியின் சீடராகிச் சந்தசுவாமி என்று பெயர் பெற்றார். செங்கலடி நிலையம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெர்மானியர் ஒருவர் கௌரிபாலாவாகிச் செல்வச்சந்நிதியில் தங்கினார். 1949இல் வந்த அமெரிக்க இளைஞர் சுப்பிரமுனியசுவாமியாகி, அளவெட்டியில் ஆச்சிரமம் வைத்து, 1970இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கௌவாயில் ஆதீனம் அமைத்தார். உலகம் யோகத்தைத் தேடி இங்கே வந்த காலம் அது. இப்போது யோகம் விமானம் ஏறி, உலகத்தைச் சுற்றி, சீருடையும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு இங்கே திரும்பி வருகிறது.

இனித் தொண்டைப் பார்ப்போம். தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகனை ஊர் ‘அன்னதானக் கந்தன்’ என்றே அழைக்கும். பிராமணக் குருக்கள் இல்லை, மந்திர முழக்கம் இல்லை, பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்வார். கோயிலைச் சுற்றி மடங்கள். திருவிழாக் காலத்தில் பெரிய கிடாரங்களில் சோறு வெந்துகொண்டே இருக்கும். பந்தியில் உட்கார்ந்தால் வாழை இலையில் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் விழும், பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்க நேரம் இருக்காது. அந்தச் சூழலில் மோகனதாஸ் சுவாமிகள் நடத்தும் சந்நிதியான் ஆச்சிரமம் அன்னதானத்தோடு நிற்கவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். பாடசாலைப் பிள்ளைகளுக்குத் துவிச்சக்கரவண்டி, கற்றல் உபகரணம், நோயாளிகளுக்கு மருத்துவ உதவி, கூடவே ‘ஞானச்சுடர்’ என்ற மாத இதழ். தூரத்துக் கிராமத்தில் இருந்து நடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ஒரு சைக்கிள் என்பது ஒரு வேளைச் சோற்றைவிடப் பல மடங்கு நீடிக்கிற தருமம்.

தெல்லிப்பழையில் தங்கம்மா அப்பாக்குட்டி செய்ததும் அந்த வகைதான். சிவத்தமிழ்ச்செல்வி என்று எல்லோரும் அழைத்த அந்த ஆசிரியை, துர்க்கையம்மன் கோயிலின் தலைமையை ஏற்று, கோயில் வருமானத்தைக் கொண்டு துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை வளர்த்தார். கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதா, தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைக்குப் படிப்புக் கொடுப்பதா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை போலும். இரண்டையும் செய்தார். 2008இல் அவர் மறைந்தபின் கோயில் பொறுப்புக்கு வந்த ஆறு திருமுருகன் சிவபூமி அறக்கட்டளை வழியாகக் கோண்டாவிலில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை நடத்துகிறார். அதே அறக்கட்டளை நாவற்குழியில் திருவாசகத்தைக் கருங்கல்லில் பொறித்து ஓர் அரண்மனையும் கட்டியது. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் கோண்டாவில் என்றுதான் சொல்வேன். கல் காத்திருக்கும், பிள்ளை காத்திருக்காது.

இந்த வரலாற்றை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. யோகமும் தொண்டும் இந்த மண்ணில் உண்மையாகவே சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது எந்த ஆச்சிரமத்திலும் இல்லை, யாழ்ப்பாணம் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில்.

போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், குண்டுவீச்சிலும் இடப்பெயர்விலும் நொந்து வந்தவர்களை மாத்திரையால் மட்டும் ஆற்ற முடியாது என்று கண்டார். வந்தவர்களில் பலர் தலையிடி, நெஞ்சு பதைப்பு, கை கால் விறைப்பு, நித்திரை இல்லை என்றுதான் சொன்னார்கள். மனம் நோகிறது என்று சொல்ல அவர்களுக்கு வரவில்லை. அவர் கையில் எடுத்தவை ஊரில் ஏற்கெனவே இருந்தவை: மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், மந்திர செபம். அதிலும் ஒரு நுட்பம் செய்தார். சைவருக்குச் சிவமந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்கு திக்ர், பௌத்தருக்கு அவர்களுடைய சரணம். ஒவ்வொருவரும் சிறு வயதில் தாயின் மடியில் கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லி ஆறட்டும் என்று விட்டார். 1998இல் வந்த அவரது நூல் போரின் உளவடுக்களைப் பற்றி உலகுக்குச் சொன்ன முக்கியமான ஆவணங்களில் ஒன்று. தனி மனிதன் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைந்துபோகின்றன என்று பின்னர் எழுதியதும் அவர்தான். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்ததை நினைவில் வைத்திருக்கிற எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

பாருங்கள், இங்கே யோகம் உடம்பை வளைக்கிற கலையாகவும் இல்லை, மதம் பரப்புகிற கருவியாகவும் இல்லை. கட்டணமும் இல்லை. நித்திரை வராதவனுக்கு நித்திரை வரவைத்தது. இன்றைக்கு யோகமும் சேவையும் என்று பலகை மாட்டுகிற அமைப்புகள் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பது என் துணிபு.

ஏனென்றால் நித்திரை இல்லாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் பந்தலில் இருக்கிற தாய்மார் இருக்கிறார்கள். ஐந்து பிள்ளைகளும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய கல்வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண்ணோடு தனித்திருக்கிற கிழவர்கள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் பேரப்பிள்ளை முகம் காட்டும், பேசி முடிந்ததும் வீடு பழையபடி வெறிச்சோடும். போதைப்பொருள் பள்ளிக்கூட மதில் வரைக்கும் வந்துவிட்டது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நுண்கடன் கட்ட முடியாமல் தலை கவிழ்ந்த பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவராவது நமது யோக வகுப்புப் பாயில் இருக்கிறாரா? நான் பார்த்த வகுப்புகளில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும், வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுக்காரரும், சோதனைக்கு மன ஒருமைப்பாடு வேண்டும் என்று தாய் இழுத்துவந்த பிள்ளைகளும்தான். அவர்களுக்கும் யோகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை மட்டும் வைத்துக்கொண்டு சேவை என்று சொல்வது சரியில்லை.

சேவை என்றதும் அன்னதானத்துக்கே கை போவதும் ஒரு சோம்பல். சந்நிதியில் பசியோடு வரும் அடியாருக்கு அது அவசியம். நல்லூர்த் திருவிழாவில் வயிறு நிறைந்தவருக்கே நாலு இடத்தில் தண்ணீர்ப் பந்தலும் சோறும் கொடுத்து, அதைப் படம் பிடித்து முகநூலில் போடுவதில் என்ன அவசியம் இருக்கிறது? அதே காசில் ஒரு பிரதேச வைத்தியசாலைக்கு மாதம் இருமுறை உளவளத் துணையாளர் ஒருவரை அனுப்பலாம். தனித்திருக்கும் முதியோர் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய்வர ஒரு இளைஞர் குழுவை வைத்திருக்கலாம். யோகர் சுவாமி குடையோடு படலை திறந்து போனது இதற்குத்தானே. கைதடியில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வேலை தேடும் பட்டதாரிகள் இருக்கிறார்கள். உடம்பும் மூச்சும் அவர்களுக்குத் தெரிந்த பாடம். அவர்களை இந்த வேலைக்கு எடுத்தால் இரு பக்கமும் பிழைக்கும்.

சாதிக்கு வருகிறேன் என்று சொன்னேன். யோகர் சுவாமி பிறந்த மாவிட்டபுரத்தில், அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 1968இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் கந்தசுவாமி கோயிலுக்குள் போகக் கேட்டபோது வாசல் மறிக்கப்பட்டது. மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஒக்ஸ்போர்டில் கணிதம் படித்த, அமைச்சராக இருந்த சி. சுந்தரலிங்கம். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்து 11 ஆண்டு ஆகியும் அந்த நிலை. யோக மண்டபத்தின் வாசலில் யாரும் இன்று மறித்து நிற்பதில்லை. ஆனால் சில கிராமங்களில் எந்தக் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது என்பதைப் பார்த்தே யார் வருவார், யார் வரமாட்டார் என்பதைச் சொல்லிவிடலாம். அடுத்த சாதிக்காரரின் வாசிகசாலையிலும் ஒரு பாயை விரிக்கத் துணியாத அமைப்பு பிரபஞ்ச ஒருமையைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தனைக்கும் இந்தத் தீவிலிருந்து யோகம் வெகுதூரம் போயிருக்கிறது. தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சிவானந்தர் 1953இல் இலங்கைக்கு அனுப்பிய சச்சிதானந்தர் கண்டியிலும் திருகோணமலையிலும் அச்சங்கப் பணி செய்தவர். பின்னர் அமெரிக்கா போய் 1969இல் வூட்ஸ்டொக் இசை விழாவைத் தொடக்கிவைத்தார். உலகம் முழுதும் பாய் விரிக்க முடிந்த யோகத்துக்குப் பக்கத்து ஒழுங்கை தூரமாகக் கூடாது.

கடைசியாகக் காசு. குடாநாட்டின் சமயத் தொண்டில் பெரும் பங்கு புலம்பெயர்ந்தோர் அனுப்புவது. தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு ரொறொன்ரோவில் இருந்து ஒருவர் அனுப்பும் காசில்தான் இங்கே ஒரு நாள் பந்தி நடக்கிறது. அனுப்புகிறவர் கேட்பது ஒரு படம், தன் தகப்பன் பெயர் எழுதிய ஒரு பதாகை. கணக்குக் கேட்பது தெய்வக் குற்றம் என்று ஒரு கூச்சம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நேர்மையாக நடக்கும் ஆச்சிரமங்களுக்கே இந்தக் கூச்சம் கேடு. ஏனென்றால் நேர்மையில்லாத ஒருவர் அதே காவியோடு அதே வீட்டுக்கு வரும்போது இருவரையும் வேறுபிரிக்க வழியில்லாமல் போகிறது. சங்கக் கடைக்கும் மரண உதவிச் சங்கத்துக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டம் வைத்து, கணக்காய்வாளர் கையொப்பம் கேட்கிற ஊர் இது. சாமி காரியத்துக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? இவ்வளவு வந்தது, இவ்வளவு கட்டடத்துக்கு, இவ்வளவு ஆளுக்கு என்று ஒரு பக்கத் தாளை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். கட்டடத்துக்குப் போனது அதிகமா, ஆளுக்குப் போனது அதிகமா என்பதை ஊர் தானே பார்த்துக்கொள்ளும்.

ஆகவே வாசகரிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை யாராவது யோகமும் சேவையும் என்று சொல்லிப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு உங்கள் படலைக்கு வந்தால், போன வருடக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், அவர்களுடைய வகுப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். மறுமொழி திருப்தியாக இருந்தால் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவையுங்கள்.